காய்ச்சினால் உப்பு போகாது

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, சோப்பு போட்டால் நுரை வருவதில்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன். என் கணவர் பக்கத்துத் தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்கிறார், அவருக்குக் கை முழுக்க அரிப்பு, வெடிப்பு. புகார் கொடுத்தால் அவர் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஆம்பூர் அருகே

பதில்: அம்மா, முதலில் அந்தக் காய்ச்சுகிற விஷயம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும், தோல் பதனிடப் போடுகிற குரோமியமும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது மிச்சத்தில் அவை இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதனால் குடிக்க, சமைக்க அந்தக் கிணறு வேண்டாம், குழாயில் வருவதைப் பிடித்து வையுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து, உப்போடு குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பு போட்டுத்தான் ஷாப்புக்கு வருகிறது, அங்கே முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்தக் கழுவுநீரின் உப்பு சாதாரணச் சுத்திகரிப்பில் பிரியாது, நிறமும் நாற்றமும் போய்த் தெளிவாக வெளியே வந்தாலும் உப்பு அப்படியே மண்ணுக்குள் இறங்கும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது, குரோமியம் அப்புறம் வந்து சேர்ந்தது.

கணவரின் கையை அலட்சியப்படுத்தாதீர்கள். குரோம் ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் லேசில் விடாது. இஎஸ்ஐ இருந்தால் அங்கே காட்டி, என்ன வேலை செய்கிறார் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வேலை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வேலையா தண்ணீரா என்று உங்களைத் தேர்ந்தெடுக்க வைப்பதே அநியாயம் என்பேன். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவு முதலில் ஏறி மிதிப்பது தொழிலாளியைத்தான். தனியாகப் புகார் எழுதாதீர்கள், கிராமசபையில் தீர்மானமாகப் போடுங்கள், அப்போது ஒரு வீட்டின் பெயர் மட்டும் தனியாகத் தெரியாது.

கேள்வி: பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996லேயே தீர்ப்பு வந்துவிட்டதே, இன்னும் என்ன பேச்சு?
– வாசகர், வாணியம்பாடி

பதில்: வந்தது, பணம் எல்லோருக்கும் வரவில்லையே! மாசுபடுத்தியவர்தான் ஈடு கட்ட வேண்டும், பாதிக்கப்பட்ட ஆளுக்கு மட்டுமல்ல, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் சரிசெய்கிற செலவும் அவருடையதுதான் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வேலூர் விவகாரத்தில், இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் 28 வருஷம், கிணற்றை இழந்த விவசாயிகளில் எத்தனையோ பேர் இன்று உயிரோடு இல்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

புதிதாக வழக்குக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து வருஷ வரம்பு உண்டு. அதனால் தண்ணீர்ச் சோதனை அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, கேன் தண்ணீர் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் தேதியோடு இன்றிலிருந்தே ஒரு பையில் போட்டு வையுங்கள்.