பழைய கார்: தகடும் தாளும் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஒருவருடைய தோட்டத்துக் கொட்டகையில் 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்று பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. 35,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எஞ்சின் சுற்றவில்லை, மற்றபடி முழு வண்டியாகத்தான் தெரிகிறது. வாங்கிப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆசை. துணியலாமா?
– வாசகர், கரூர்

பதில்: எஞ்சின் சுற்றவில்லை என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். விற்பவரும் அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்திருப்பார். ஆனால் அந்த வண்டியில் எளிதாகச் சரிசெய்துவிடக்கூடிய பகுதி எஞ்சின்தான். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் மும்பை குர்லாவில் ஃபியட் 1100 என்றும், பிரசிடென்ட் என்றும், 1970களின் நடுவிலிருந்து பத்மினி என்றும் பெயரை மாற்றித் தயாரித்த வண்டிகளில் இருந்தது அடிப்படையில் அதே 1089 சிசி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். மும்பையில் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் வரை ஓடின. அதனால் பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கட் போன்றவை தேடினால் இன்னும் கிடைக்கின்றன. சிலிண்டரை போரிங் செய்து, கிராங்கைக் கிரைண்டிங் செய்து தரும் லேத் பட்டறைகளுக்கும் உங்கள் கொங்குப் பகுதியில் பஞ்சமில்லை.

நின்றுபோன எஞ்சினை உரிமையாளரின் அனுமதியோடு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எஞ்சின் ஆயிலை விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற வையுங்கள். பிறகு சக்கரங்கள் தாராளமாகச் சுற்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு, வண்டியை டாப் கியரில் போட்டு, பிளக்குகளை மாட்டாமலேயே மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ரிங்குகள் துருவால் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்றால், பல எஞ்சின்கள் இந்த அளவிலேயே இளகிவிடும். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துச் சுற்றவைக்க யாராவது முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். ரிங் உடைந்து சிலிண்டரையும் கீறிவிடும். ஆயில் கேஜை உருவிப் பார்க்கும்போது ஆயில் வெளுத்துக் குழம்பாக இருந்தால், உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கேஸ்கட் மட்டும் போயிருந்தால் கவலையில்லை. ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விட்டிருந்தால் செலவு பெருகும்.

நீங்கள் அஞ்ச வேண்டியது தகட்டுக்குத்தான். ஜீப்புக்கு இருப்பதைப் போலப் பத்மினிக்குத் தனியான சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டகம், கிடையாது. கீழ்த்தளம், கதவுக்கு அடியில் ஓடும் பக்கப் பட்டை, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் சேர்த்துப் பற்றவைத்த கூடுதான் முழு எடையையும் தாங்குகிறது. அந்தக் கூடு துருப்பிடித்து வலுவிழந்த பிறகு எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும், உங்கள் குடும்பத்தை அதில் ஏற்றிச் செல்வது பாதுகாப்பாக இராது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கி, ஓட்டுநரின் கால் வைக்கும் தளத்தில் தேங்கியிருக்கும். மிதியடியைத் தூக்கிவிட்டு அந்தத் தகட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும், செத்த தகட்டில் முனை உள்ளே இறங்கும். பிறகு டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் இடம், பேட்டரித் தட்டின் அடிப்பாகம், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் பாடியோடு சேரும் இடங்கள் ஆகியவற்றையும் அதே முறையில் சோதியுங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடம் அரித்திருந்தால், விலை எதுவானாலும் அந்த வண்டி வேண்டாம்.

கதவுகளும் பல செய்திகளைச் சொல்லும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் ஆடினால் தேய்மானம் கீலில் இருக்கிறது. அது சிறிய வேலை. கீல் இறுக்கமாக இருந்தும், மூடிய கதவின் மேல் இடைவெளி ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒட்டியும் இருந்தால், பக்கப் பட்டை உள்ளிருந்து அரித்து வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுவதும் நகர்த்துங்கள். அது ஒட்டாமல் நழுவும் இடங்களிலெல்லாம் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி எனும் நிரப்புப் பூச்சுதான் இருக்கிறது.

கடைசியாக, கழன்று போன சிறு உறுப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு வளையம், கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, குரோம் பட்டை, பெயர்ப் பட்டை போன்றவை ஒவ்வொன்றாகத் தேடும்போதுதான் அவற்றின் அருமை தெரியும். சென்னை புதுப்பேட்டையில் அலைந்து எடுக்கலாம் என்றாலும், குறிப்பிட்ட ஆண்டின் வண்டிக்கு உரியதே கிடைக்கும் என்று நம்பிவிட முடியாது. தகடு நன்றாக இருந்து, உறுப்புகளும் முழுமையாக இருந்தால், எஞ்சின் ஓடாத அந்த வண்டியை வாங்குங்கள். தகடு போயிருந்தால், இதே போன்ற வேறொரு வண்டிக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பதுகூட லாபமாகவே முடியும். டிங்கரிங், பெயின்டிங், குரோம், குஷன், வயரிங், டயர் என்று சேரும் செலவோடு ஒப்பிட்டால் வாங்கும் விலை சிறியது.

கேள்வி: ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது, உரிமையாளரும் காலமாகிவிட்டார் என்ற நிலையில் ஒரு பழைய காரை அவருடைய மகன் விற்கிறார். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். பரவாயில்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தாளை வைத்து வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற இயலாது. முதலில் மகன், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். தொலைந்த ஆர்.சி.க்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, படிவம் 26 வழியாக நகல் பெற வேண்டும். அதன் பிறகே படிவம் 29, 30 மூலம் உங்களுக்கு விற்க முடியும். வண்டி வேறு மாநிலப் பதிவு என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். இவற்றை விற்பவர் முடித்துத் தரட்டும். அதுவரை சிறு முன்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

சேஸிஸ் எண் பொறித்த இடத்தை நீங்களே துடைத்து, அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆவணத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். துருவில் ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலக ஆய்வில் சிக்கல் வரும். பழைய புத்தக ஆர்.சி.க்கள் பல கணினிப் பதிவில் ஏறாமலே இருப்பதால், அதையும் வட்டார அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். விட்டுப்போன காலத்துக்கான கட்டணங்களையும் பசுமை வரியையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, விலைக்கு வருகிறது. பத்மினியோடு ஒப்பிட்டால் இது எப்படி? விண்டேஜ் பதிவு இதற்குக் கிடைக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த வண்டி என்பதால் எனக்கு ஹெரால்டு மீது தனி அன்பு உண்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உருவம் இன்றும் பார்க்க அழகாக இருக்கிறது. புதுப்பிப்பவருக்கு அதில் ஒரு பெரிய வசதி உண்டு. தனிச் சேஸிஸின் மேல் பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். பானட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் சாய்வதால், எஞ்சினைச் சுற்றி நின்றே வேலை செய்யலாம். அரித்துப்போன பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம்.

ஆனால் அந்தச் சேஸிஸின் பக்கவாட்டில் நீளும் கைகள் எளிதில் துருப்பிடிப்பவை. வண்டியை மேலே ஏற்றி அவற்றைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உதிரி உறுப்புகள் பத்மினியைவிடக் கடினம். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த இதே வண்டிக்குப் பல உறுப்புகள் அங்கு இன்றும் விற்கப்பட்டாலும், அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும்போது சுமை கூடும். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானதால் அதன் பின்கதவுகள் அங்கும் கிடைக்கா. உங்களுடையது இரண்டு கதவு என்பது நல்லதாயிற்று.

விண்டேஜ் பதிவைப் பொறுத்தவரை, 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு அது கிடைக்கும். உங்கள் ஹெரால்டு அந்த வயதைக் கடந்துவிட்டது. கரூர் வாசகரின் பத்மினி 2028 வரை காத்திருக்க வேண்டும். புதிய விண்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். நாள்தோறும் கடைக்குப் போய்வர நினைப்பவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே பொருத்தம்.

கேள்வி: வாங்கிய பழைய காரில் எந்த வேலையை முதலில் தொடங்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: பிரேக்கை. வண்டியைச் சொந்த எஞ்சினில் பத்தடி நகர்த்துவதற்கு முன்பே மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள் ஆகியவற்றைக் கழற்றி, புதிய ரப்பர் சீல் கிட்டும் புதிய பிரேக் ஆயிலும் போடுங்கள். அடுத்தது பெட்ரோல் டேங்க். அதை இறக்கிக் கழுவி, துருவை நீக்குங்கள். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் இளகவைக்கும். ஈரத்தை உறிஞ்சி டேங்கில் துருவையும் கூட்டும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்துவிடுங்கள். பிறகு தகடு, வயரிங், எஞ்சின் என்ற வரிசையில் செல்லலாம். பெயின்ட், குஷன் இரண்டும் இறுதியில்தான். முதலில் பெயின்ட் அடித்த வண்டியில் வெல்டிங் பொறி பறந்தால் அத்தனையும் வீணாகும்.

கேள்வி: பழைய பாடியில் புதிய காரின் எஞ்சினைப் பொருத்தலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் மாற்ற அனுமதி பெற வேண்டும். விண்டேஜ் தகுதிக்கும் அது தடையாகும். பழைய எஞ்சினையும் கியர் பாக்ஸையும் நன்கு ஓவர்ஹால் செய்வதே என் பரிந்துரை. அந்த வண்டியின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பழைய எஞ்சினின் வேகத்துக்கென்றே செய்யப்பட்டவை.