வில்ட், ரஸ்ஸல், ஜோர்டன், லெப்ரான்: யார் பெரியவர்? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் வில்ட் சேம்பர்லின் 1961-62 சீசனில் ஆட்டத்துக்கு சராசரி 50.4 புள்ளி எடுத்தார். மைக்கேல் ஜோர்டனின் மொத்த சராசரியே 30தான். அப்போ வில்ட்தானே பெரியவர்?

பதில்: தம்பி, அந்த 50 எந்தக் காலத்து 50 என்று முதலில் பார்க்கணும். அன்று பந்து கைக்கு வந்ததும் ஓடிப்போய் எறிவார்கள். தவறிய ஷாட்டும் நிறைய, அப்படித் தவறி வரும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டும் நிறைய. வில்ட்டோ களத்தை விட்டு இறங்கவே இல்லை: ஆட்டம் 48 நிமிடம், அவர் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம், கூடுதல் நேரமும் சேர்ந்ததால். இதையெல்லாம் கழித்தாலும் அவர் பெரிய ஆள்தான். அதே வேகத்தில்தான் மற்றவர்களும் ஆடினார்கள், அவருக்கு அடுத்து வந்த எல்ஜின் பெய்லரின் சராசரி 38.3. அதுவும் ராணுவப் பணியால் 48 ஆட்டங்களில் மட்டும். கூடைக்குக் கீழே வில்ட்டை யாராலும் தள்ள முடியாமல், 1964இல் அந்தப் பகுதியின் அகலத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக்கினார்கள்.

கேள்வி: பிறகு ஏன் அந்த வருஷ எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது பாஸ்டன் அணியின் பில் ரஸ்ஸலுக்குப் போனது? அவர் சராசரி 19கூட இல்லையே!

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அப்போது எம்விபிக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்கள். ரஸ்ஸல் கை நீட்டி நிற்கும்போது கூடைப்பக்கம் போவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்கள். அவர் ப்ளாக் செய்யும், அதாவது கூடைக்குப் போகும் பந்தைத் தடுக்கும் விதமே வேறு. பந்தை ஓங்கி அடித்துக் கூட்டத்துக்குள் அனுப்பினால் அது மறுபடி எதிரணிக்கே போகும். ரஸ்ஸல் மெல்லத் தட்டித் தன் ஆள் கையில் விழ வைப்பார். அடுத்த நொடி பாஸ்டன் எதிர்க்கூடையை நோக்கி ஓடும். ஆனால் என்பிஏ ப்ளாக்குகளை எண்ண ஆரம்பித்தது 1973-74இல், ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969இல். அவருடைய ஒரு ப்ளாக்கூட அதிகாரபூர்வக் கணக்கில் இல்லை! 13 சீசனில் 11 கோப்பை. புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து அவரை முதல் மூவரில் வைக்காத எந்தப் பட்டியலையும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: அப்போது எட்டு, ஒன்பது அணிகள்தானே? 11 கோப்பை சுலபம் இல்லையா?

பதில்: கோப்பைக்குப் போகும் வழி குறுகியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணிகள் குறைவு என்றால் திறமைசாலிகளும் அந்தச் சில அணிகளுக்குள்தானே இருப்பார்கள்? வில்ட்டை அடிக்கடி சந்தித்தாக வேண்டும். 1962இல் வில்ட்டின் அணியுடன் நடந்த கிழக்குப் பிரிவு இறுதிப்போட்டி ஏழாவது ஆட்டம் வரை போனது. பாஸ்டன் வென்றது இரண்டே புள்ளியில்.

கேள்வி: சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஜோர்டனா, லெப்ரானா?

பதில்: ஜோர்டன். 1988இல் எம்விபி விருது, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியலில் முதலிடம், மூன்றும் அவருக்கே. எதிராளி இடுப்பில் கை வைத்துத் தடுக்கலாம் என்ற காலத்தில் பத்து முறை அந்தப் புள்ளிப் பட்டியலில் முதலிடம். ஆனால் "ஜோர்டன் பைனலில் ஆறுக்கு ஆறு, லெப்ரான் பத்துக்கு நாலு" என்ற வாதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். 1985, 86, 87 மூன்று வருஷமும் ஜோர்டன் முதல் சுற்றிலேயே வெளியேறினார். முதல் சுற்றில் தோற்பதைவிடப் பைனல் வரை வந்து தோற்பது எப்படிக் குறையாகும்? அதுவரை அதிகப் புள்ளி எடுத்திருந்த கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளியை 2023இல் லெப்ரான் தாண்டியதும், சீசனில் 73 ஆட்டம் ஜெயித்த வாரியர்ஸ் அணியை 2016 பைனலில் 1-3 என்று பின்தங்கிய நிலையிலிருந்து வீழ்த்தியதும் சாதாரண விஷயமா?

கேள்வி: தூரத்திலிருந்து எறிவதில் பேர்போன ஸ்டெஃபன் கரி 1960களில் ஆடியிருந்தால்?

பதில்: பாவம், தவித்திருப்பார். அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடே 1979-80இல்தான் என்பிஏவுக்கு வந்தது. 2015-16இல் அவர் போட்ட 402 மூன்று புள்ளி ஷாட்டும் அன்று வெறும் இரண்டிரண்டுதான். அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தால் பயிற்சியாளர் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பார். அப்புறம், பந்தைத் தட்டும்போது அவர் கை பந்தின் பக்கவாட்டில் போகிறதே, அதற்கு அன்றைய நடுவர் விசில் ஊதியிருப்பார்.