கார்த்திகை ஆறா, ஏழா?

வணக்கம் சகோதரி. மகளின் பள்ளி ஒப்படைப்பில் கார்த்திகை ஆறு நட்சத்திரம் என்று எழுத, ஆசிரியர் "ஏழு சகோதரிகள்" என்று திருத்தியதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆறு என்பது தப்பில்லை. அதை அழிக்க வேண்டாம்.

ஏழு என்பது கிரேக்கக் கதை. அட்லஸின் ஏழு மகள்கள்; மனிதனை மணந்த வெட்கத்தில் ஒருத்தி மங்கிப்போனாளாம். நம் கணக்கு வேறு. அகநானூறு 141ஆம் பாட்டிலேயே இதற்கு "அறுமீன்" என்று பெயர். முழுநிலா அறுமீனோடு சேரும் இரவில் தெருவில் விளக்கேற்றுவதையும் அந்தப் பாட்டு சொல்கிறது. நம் வீட்டுக் கார்த்திகை விளக்குதான் அது! இதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

மகாபாரதக் கதை இன்னும் அழகு. சப்தரிஷிகளின் மனைவியர் ஏழு பேரில் அறுவர் உருவைத்தான் அக்னிதேவன்மேல் ஆசை கொண்ட சுவாகாதேவியால் எடுக்க முடிந்தது, அருந்ததியின் உருவை எடுக்க முடியவில்லை. வீண்பழியால் கைவிடப்பட்ட அந்த அறுவரே கார்த்திகைப் பெண்களானார்கள். அருந்ததி மட்டும் வசிஷ்டர் பக்கத்திலேயே இருக்கிறாள். சரவணப் பொய்கையில் முருகனை வளர்த்த கதை உங்கள் மகளுக்கே தெரிந்திருக்கும்.

சரி, நேரில் பார்க்க வேண்டுமா? சிங்கப்பூரில் டிசம்பரில் மழைமேகம் விடாது. தைப்பூசத்தை ஒட்டி, பிப்ரவரி தொடக்கத்தில், இரவு 8 மணிக்கு புளோக் கார்பார்க்கின் மேல்தளத்துக்குப் போங்கள். வடக்கே பார்த்து நன்றாக அண்ணாந்தால் சின்னக் கொத்தாகத் தெரியும். நகர வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குச் சிரமம், அதனால் பைனாகுலர் கொண்டுபோங்கள். அப்புறம் அவளே எண்ணட்டும்.