ஆவாரம்பூ கஷாயமும் அம்மாவின் மாத்திரையும்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ஒரு மாதமாகக் காலையில் மாத்திரையோடு ஆவாரம்பூவும் கடலழிஞ்சிலும் போட்ட கஷாயத்தைக் குடித்துவிட்டு, சாப்பிடாமலே பாசி எடுக்கப் போகிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-லிருந்து 150-க்கு வந்துவிட்டது. போன வாரம் கடலில் நிற்கும்போதே கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றியதாம். இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, பாம்பன்)

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியைவிட அதற்கு முந்தைய வரிதான் என்னைப் பதற வைக்கிறது. நடுக்கமும் வியர்வையும் தலைசுற்றலும் சர்க்கரை தாழ்ந்துபோனதைக் காட்டுபவை. இடுப்பளவுத் தண்ணீரில், வழுக்கும் பாறைமேல் நிற்பவருக்கு அது வரவே கூடாது.

மெட்பார்மின் தனியாக இப்படி இறக்குவது அரிது. கிளிமிபிரைடு வேறு ரகம். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அதை விழுங்கிவிட்டு ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காமல் மணிக்கணக்கில் கடலில் உழைத்தால் சர்க்கரை தாழத்தானே செய்யும்? 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. முதல் சந்தேகம் அந்த மாத்திரைமேல்தான். அதற்காகக் கஷாயத்தைச் சும்மா விடவும் முடியாது.

ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை சேர்ந்த ஆவாரைக் குடிநீர், நீரிழிவுக்குச் சித்தர் வழியில் வந்த பழைய மருந்து. இதில் எனக்கு மதிப்பு அதிகம் கடலழிஞ்சில்மேல். அதிலுள்ள சலாசினால் என்ற பொருள், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியைத் தடுக்கிறது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் அதே வேலைதான். ஆகவே சாப்பாட்டையொட்டிக் குடித்தால்தான் அதற்குப் பொருள். வயிறு காலியாக இருந்தால் தடுக்க அங்கே என்ன இருக்கிறது? வயிற்று உப்புசம் வேண்டுமானால் வரும்.

ஆவாரம்பூவைப் பொறுத்தவரை, அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவு எலிகளுக்குச் சர்க்கரை குறைந்தது. எலிக்குக் குறைந்ததை வைத்து அம்மாவின் மாத்திரையை எடுத்துவிட முடியாது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற சொலவடை எனக்கும் பிடிக்கும்; மருந்துச் சீட்டாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன். 190, 150 என்பதெல்லாம் அந்தந்தக் காலையின் கணக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று. நம் ஊரில் மயக்கம் என்றால் கை கருப்பட்டிக்குத்தான் போகும். கடலழிஞ்சில் குடித்திருப்பவருக்குக் கருப்பட்டியும் சீனியும் உடைந்து ரத்தத்தில் ஏறத் தாமதமாகலாம். குளுக்கோஸ் பவுடர் மூன்று தேக்கரண்டி கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். (கசக்கிறது என்று கஷாயத்திலேயே கருப்பட்டி போடுகிறவர்களும் உண்டு. பனையில் வந்தாலும் அது சர்க்கரைதான்.)

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கஷாயத்தை மறைக்காமல் சொல்லி, கிளிமிபிரைடின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அதுவரை கஷாயம் வேண்டாம். பிறகும் தொடர விரும்பினால் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் மாத்திரைச் சீட்டைக் காட்டிவிட்டுக் குடிக்கட்டும்.

சாப்பிடாமல் கடலில் இறங்க வேண்டாம். குளுக்கோஸ் பொட்டலத்தை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடியில் வைத்துவிடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று கூட வரும் பெண்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.