மூன்றாம் தடவை உயர்தரத்துக்கு முன்

அம்மா, போன கிழமை உங்கள் மகனின் படிப்புக்கு வழி கேட்டு அவனோடு என்னிடம் வந்தபோது பாதியில் நின்ற கதையை எழுத்தில் தொடர்கிறேன்.

தம்பி உயர்தரப் பரீட்சை இரண்டு தடவை எழுதிவிட்டான், பெறுபேறு சரிவரவில்லை. மூன்றாம் தடவைக்கு ரியூசனா, அல்லது நகையை அடகு வைத்துத் தனியார் நிறுவனத்தில் அந்த 'சர்வதேச டிப்ளோமா'வா என்று கேட்டீர்கள். நீங்கள் பேசிய அவ்வளவு நேரமும் அவன் தலை நிமிரவில்லை. மாமாவின் கராஜைப் பற்றிக் கேட்டதும்தான் வாய் திறந்தான். அன்று எனக்கு மனதில் நின்றது அதுதான்.

என்.வி.கியூ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், தேசிய தொழிற்தகைமை. அதில் 7 மட்டங்கள். 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். "கராஜ் வேலைக்குப் போனால் படிப்பு அதோடு முடிந்தது" என்றீர்களே, அது அப்படியில்லை. 4ஆம் மட்டம் முடித்தவன் தொழில்நுட்பக் கல்லூரியிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்லூரியிலோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலோ டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்கல்விக்கான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (UNIVOTEC) உருவானது. தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிலையங்களில் பல பாடநெறிகளுக்குக் கட்டணமே இல்லை. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

அந்தத் தனியார் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்துக்கு வருவோம். "அரசில் பதிவு செய்யப்பட்டது" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி என்.வி.கியூவுக்குத் தரஅங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதும் இருப்பதுபோலப் பேசுவார்கள். "முடிவில் என்.வி.கியூ கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?" என்று நேராகக் கேளுங்கள். இலட்சக்கணக்கில் கட்டி, பளபளப்பான சான்றிதழோடு வந்து, இது எதற்கும் செல்லாதா என்று என் முன் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, வகுப்பு முடிந்தபின் வரும் தொழிலிடப் பயிற்சி. வீட்டுக்குக் கிட்ட என்று ஏதாவது ஓரிடத்தைப் பிடித்து, தேநீர் வாங்கிக் கொடுத்தே அந்த மாதங்களைக் கழித்துவிடும் பெடியன்கள் இருக்கிறார்கள். புதிய வாகனங்களும் ஹைபிரிட்டும் வந்துபோகும் கராஜாகப் பார்த்துச் சேருங்கள், தூரமென்றாலும் பரவாயில்லை. கையில் வேலை படிவது அங்கேதான்.

மாமாவுக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். பல வருட அனுபவம் இருந்தும் கையில் ஒரு கடதாசி இல்லை என்று கவலைப்படுகிறாராமே. முன்கற்றலை, அதாவது வேலை செய்தே கற்றுக்கொண்டதை, மதிப்பிட்டு என்.வி.கியூ கொடுக்கும் முறை இருக்கிறது. வகுப்புக்குப் போய் உட்காரத் தேவையில்லை, தெரிந்த வேலையை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும், செய்த வேலைகளுக்குச் சான்றும் கொடுக்க வேண்டும்.

அடுத்த தடவை தம்பியைத் தனியாகவே அனுப்புங்கள். அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு, அந்தத் துண்டுப்பிரசுரம் மூன்றையும் கொண்டு வரட்டும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்தப் பாடநெறி இருக்கிறதா என்று அவனையே தேடிப் பார்க்கச் சொல்கிறேன்.