மெட்டர்னிட்டி ஷூட்டுக்கு எங்கே போவது? உட்கார இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 26-ஆவது வாரம். மெட்டர்னிட்டி ஷூட்டை, அதாவது கர்ப்பகாலப் புகைப்படம் எடுப்பதை, கடற்கரையில் வைக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. தோழியோ ஸ்டுடியோதான் வசதி என்கிறாள். எனக்குக் கொஞ்ச நேரம் நின்றாலே களைப்பாகிவிடுகிறது, சாயங்காலம் ஆனால் பாதம் வீங்குகிறது, அடிக்கடி கழிப்பறைக்கும் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலேயே எடுக்கலாம் என்றால் வீடு ரொம்பச் சின்னது. எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஷூட்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். கர்ப்ப காலத்தில் மாலையில் பாதம் வீங்குவது பலருக்கும் வருவதுதான். ஆனால் முகமோ கைகளோ திடீரென்று வீங்கினால், அல்லது விடாத தலைவலி, கண் மங்கல் சேர்ந்து வந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக அது இருக்கலாம். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். நிற்க முடியவில்லை, கழிப்பறை பக்கத்தில் வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான தம்பதிகள் பின்னணியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி ஒரு இடத்தைத் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் இடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முறை, அழகான ஒரு ஏரிக்கரைக்கு ஒரு பெண்ணை அழைத்துப் போயிருந்தேன். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கால் மணி நேர நடை. போய்ச் சேர்ந்தபோது அவர் மேலுதட்டில் வியர்வை, பாதத்தில் செருப்பு வார் அழுத்திய சிவந்த தடம். படத்தில் ஏரி அருமையாக விழுந்தது, அவர் முகத்தில்தான் சிரிப்பே வரவில்லை. கடைசியில் அவர்கள் ஃபிரேம் போட்டு மாட்டிய படம் எது தெரியுமா? திரும்பி வந்து, காரின் கதவைத் திறந்து வைத்து, சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்தபடி அவர் மூச்சு வாங்கியபோது எடுத்தது. அன்றிலிருந்து எந்த இடத்தைப் பார்த்தாலும் முதலில் உட்கார எங்கே வசதி என்றுதான் பார்க்கிறேன்.

உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒற்றைக் குழந்தை என்றால் 28 முதல் 34 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. வயிறு நன்றாக உருண்டு தெரியும், உடம்பும் ஓரளவு ஒத்துழைக்கும். இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் சில வாரம் முன்பே எடுத்துவிடுங்கள்.

அடுத்து வெளிச்சம். இதற்காக நான் எல்லோரையும் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்வேன். ஒரு வெளிர் நிறப் பந்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கையை நீட்டிப் பந்தைப் பாருங்கள். வெளிச்சம் நேராக விழுவதால் பந்து ஒரு தட்டை வட்டம் மாதிரி இருக்கும். இப்போது ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரும்படி திரும்புங்கள். பந்தின் ஒரு பாதி வெளுத்து, மறு பாதி மெல்ல நிழலுக்குள் இறங்கும். அப்போதுதான் அது உருண்டையாகத் தெரியும். வயிறும் அப்படித்தான். மெட்டர்னிட்டி படத்துக்கு வேண்டியது பக்கத்திலிருந்து வரும் மென்மையான வெளிச்சம். அது கிடைக்கிற இடம் எதுவானாலும் நல்ல லொகேஷன்தான்.

ஆகவே வீடு சின்னது என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் போட்டு ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க ஏறக்குறைய ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் மூன்று மீட்டர் போதும். உங்கள் அறையில் அந்த இடைவெளி இல்லாவிட்டால் படம் எடுப்பவர் கதவுக்கு வெளியே நின்றுகூட எடுக்கலாம். ரொம்ப அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸை வைத்துக்கொண்டு நெருங்கி வந்து எடுக்க மட்டும் விடாதீர்கள். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாக விழும், கையும் தோளும் வீங்கின மாதிரி தெரியும்.

வீட்டில் பெரிய ஜன்னல் எதுவோ அந்த அறையைக் காலி செய்யுங்கள். கட்டிலையும் துணி ஸ்டாண்டையும் நகர்த்தி, ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடியில் நிற்க இடம் இருந்தால் போதும். வெயில் நேராக உள்ளே அடித்தால் மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் தோலின் நிறம் திட்டுத்திட்டாக மாறும். சுவர் அடர் பச்சையோ நீலமோ என்றால் அந்த நிறமும் முகத்தில் ஏறும், அங்கே ஒரு வெள்ளை விரிப்பை மாட்டுங்கள். படுத்துக்கொண்டு எடுக்கும் படங்களும் வீட்டில்தான் நிம்மதியாக வரும். ஆனால் மல்லாந்து படுத்து அப்படியே இருக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் கர்ப்பப்பை முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும், தலை சுற்றும். முதுகுக்குத் தலையணை கொடுத்து இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.

பின்னணியில் ஒன்றுமே இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1991 ஆகஸ்டில் வேனிட்டி ஃபேர் என்ற அமெரிக்க இதழின் அட்டையில் வந்த, ஏழு மாத கர்ப்பிணியான நடிகை டெமி மூரின் படத்தைப் புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் வெறும் வெற்றுப் பின்னணியில்தான் எடுத்தார். இன்றும் மெட்டர்னிட்டி படம் என்றால் பலர் அதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் கணவரின் கடற்கரை. ஆசை நல்ல ஆசைதான், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். திறந்த வானம், காற்றில் பறக்கும் துணி, இதெல்லாம் அறைக்குள் கிடைக்காது. ஆனால் எல்லோரும் போல மாலையில் போகாதீர்கள். உங்களுக்குப் பாதம் வீங்குவதே அந்த நேரத்தில்தான். சூரியன் தாழ்வாக இருக்கும் அதே பொன் வெளிச்சம் விடிந்த முதல் ஒரு மணி நேரத்திலும் கிடைக்கும். இரவெல்லாம் கால் நீட்டிப் படுத்திருப்பதால் வீக்கமும் குறைந்திருக்கும், கூட்டமும் குறைவு. கடல் கிழக்கே இருந்தால் சூரியன் தண்ணீரின் மேலேயே எழும். மேற்கே இருந்தால் காலையில் கடலின் மேல் சூரியன் வராது, ஆனாலும் விடியும் நேரத்து வெளிச்சம் முகத்துக்கு மென்மையாகவே இருக்கும். மணலில் நடப்பது இரட்டை வேலை, அதனால் வண்டி நிற்கும் இடத்துக்கு மிக அருகே உள்ள கரையாகப் பாருங்கள். தூரத்துக் கடற்கரை என்று விமானம் ஏறும் யோசனை இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பல நிறுவனங்கள் 28 வாரத்துக்கு மேல் மருத்துவரின் கடிதம் கேட்கும். உங்கள் நிலையில் நான் அவ்வளவு தூரம் போகச் சொல்லமாட்டேன்.

பூங்கா, தோப்பு என்றால், இலைகளின் இடையே புள்ளிபுள்ளியாக வெயில் விழும் இடத்தில் நிற்க வேண்டாம். மரநிழல் முடியும் ஓரத்தில், திறந்த வானத்தைப் பார்த்து நில்லுங்கள். ஸ்டுடியோவைப் பற்றித் தோழி சொல்வது தவறில்லை. ஏசி, உடை மாற்ற அறை, கழிப்பறை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், மழை பெய்தாலும் கவலை இல்லை. வயிறு தெரிய எடுக்க விரும்பினால் அங்கே கூச்சமும் குறைவு. முன்பதிவு செய்யும் முன் உடை மாற்றும் அறையை மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ரயில் தண்டவாளம், பாசி படிந்த பாறை, அருவிக்கரை, மொட்டை மாடியின் விளிம்பு, வண்ணப்புகை இவற்றை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வயிறு முன்னால் வந்திருப்பதால் உங்கள் உடம்பின் சமநிலையே மாறியிருக்கிறது, மூட்டுகளும் தளர்ந்திருக்கும். கணவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் வழுக்கினால் வழுக்கியதுதான்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். 30-ஆவது வாரத்தை ஒட்டி ஒரு காலை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கடற்கரையில் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஓய்வெடுத்துவிட்டு, ஜன்னல் பக்கத்தில் மீதியை எடுங்கள். அன்று காலை எழுந்ததும் உடம்புக்கு முடியவில்லை என்றால் கடற்கரையை விட்டுவிட்டு வீட்டில் மட்டும் எடுங்கள், வீட்டுப் படங்களே ஆல்பத்துக்குப் போதும்.

அதற்கு முன் ஒரு நாள் கணவர் தனியாக, அதே நேரத்துக்கு, அந்த இடத்துக்குப் போய் வரட்டும். வெளிச்சம் எப்படி விழுகிறது என்று போனில் இரண்டு படம் எடுக்கட்டும். வண்டியிலிருந்து எத்தனை அடி நடை, அந்த நேரத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா, கேமராவுக்கு அனுமதி வாங்க வேண்டுமா என்று பார்த்து வரட்டும். ஷூட் அன்று ஒரு மடக்கு நாற்காலியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வருவது அவர் பொறுப்பு. படம் எடுப்பவரிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான்கைந்து எடுக்கச் சொல்லுங்கள்.