மேஸ்திரி ஐந்தடி போதும் என்கிறார். மண் பரிசோதனை அவசியமா?

குடியாத்தம் சாலையில், முன்பு நஞ்சையாக இருந்த மனைப்பிரிவில் மூன்று சென்ட் வாங்கியிருப்பதாகவும், ஐந்தடி ஆழத்தில் புட்டிங் (பில்லரின் எடையை மண்ணில் பரப்பும் அடித்தளம்) போட்டால் ஒரு மாடி வீட்டுக்குப் போதும், மண் பரிசோதனை வேண்டாம் என்று மேஸ்திரி சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் அனுபவசாலியாகவே இருப்பார். ஆனாலும் அந்த மனையின் ஐந்தடிக்குக் கீழே இருப்பதை அவரும் இன்னும் பார்க்கவில்லை என்பதால், பரிசோதிக்காமல் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

2016இல் காட்பாடிக்கு அருகே நான் வீடு கட்டியபோது எனக்கும் இதே ஆலோசனைதான் கிடைத்தது. நானும் ஏற்றுக்கொண்டேன். மூன்றாவது மழைக்காலம் முடிந்த தை மாதத்தில், வடகிழக்கு அறையின் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினால் நிற்கும். பொறியாளர் அந்த மூலையில் தோண்டிக் காட்டியபோது, மேலே இரண்டடி செம்மண்ணும், அதற்குக் கீழே உடைந்த ஓடும் சாம்பலும் பாலித்தீன் பையும் கலந்த கொட்டிய மண்ணும் இருந்தன. எங்கள் புட்டிங் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. எதிர்மூலையில் நான்கடியிலேயே கடப்பாரை இறங்காத மொரம்பு, அதாவது கெட்டியான சரளை மண். தூர்த்த வாய்க்கால் ஒன்று மனையின் ஓரத்தைத் தொட்டுச் சென்றதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே ஆழத்தைவிட, எல்லாப் பில்லருக்கும் கீழே ஒரே தரமான மண் இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். வீடு முழுவதும் ஒரே அளவில் சற்று அமிழ்ந்தால் சுவருக்குப் பெரிய சேதம் வராது. ஒரு பக்கம் நின்று மறுபக்கம் இறங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது. நம் வட ஆற்காட்டில் இந்த வேறுபாடு ஒரே மனைக்குள்ளும் வரும். பாலாற்றுக் கரையோரம் மணலும் வண்டலும், ஏரிப் பாசன நஞ்சையில் களிமண்ணும், மலையடிவாரத்தில் பாறையும் இருக்கின்றன. பாறை தட்டியது என்று மகிழ்வதற்கு முன், அது அடிப்பாறையா, மண்ணில் புதைந்த உருண்டைக் கல்லா என்று பார்க்க வேண்டும். பாதி வீடு பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றால் அதுவும் விரிசலில்தான் முடியும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். பதிவேட்டில் பாசன ஆதாரம், மண் வயனம் (மண்ணின் வகை) ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அவை தீர்வைக்காக, அதாவது நிலவரிக்காக, எழுதப்பட்டவைதான். ஆனாலும் நிலத்தின் பழைய குணத்தை ஓரளவு காட்டும். புலப்படத்தில் ஓடை, வாய்க்கால் கோடுகள் தெரியும். அக்கம்பக்கத்தில் கிணறு வெட்டியவர்களையும் விசாரியுங்கள்.

அடுத்தது மண்ணையே பார்ப்பது. புட்டிங்கின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம் வரை, அதாவது ஐந்தடி அகலப் புட்டிங்குக்கு அதன் அடியிலிருந்து இன்னும் ஏழரை அடி வரை, மண்ணை அறிய வேண்டும். அவ்வளவு ஆழக் குழியில் முட்டுக்கொடுக்காமல் ஆளை இறக்குவது உயிருக்கு ஆபத்து என்பதால், குறைந்தது இரண்டு எதிர்மூலைகளில் துளையிட்டுப் பார்ப்பதே நல்லது. துளையில் இறக்கிய குழாயை அடிக்க 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல், குழாய் அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டே மணற்பாங்கான மண்ணின் தாங்குதிறனைக் கணிக்கிறார்கள். களிமண்ணுக்கு ஆய்வகச் சோதனைகளும் சேர வேண்டும்.

நஞ்சை என்பதால் களிமண் வீக்கச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள். சலித்து உலர்த்திய மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீரிலும் இன்னொன்றில் மண்ணெண்ணெயிலும் ஒரு நாள் ஊறவிடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. தண்ணீரில் இருக்கும் மண்ணின் கன அளவு அதைவிட 50 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அது மிகவும் வீங்கும் மண். அங்கே சாதாரணப் புட்டிங்கை நம்பாமல், அடியில் குமிழ் விரிந்த கான்கிரீட் தூணான அண்டர் ரீம் பைல் குறித்து வடிவமைப்புப் பொறியாளரிடம் பேசுங்கள்.

இந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடியும் மார்கழி, தையில்தான் நிலத்தடி நீர் மேலே நிற்கும். கோடையில் பரிசோதித்தால் மழைக்கால நீர்மட்டத்தையும் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். மேஸ்திரி பார்ப்பதற்காகக் குழியும் வெட்டுவதானால், பில்லர் வரும் இடங்களைத் தவிர்த்து வெட்டி, பிறகு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு (இடித்து இறுக்கி) மூடச் சொல்லுங்கள். தளர்வாக மூடிய குழியின்மேல் புட்டிங் வந்தால் அதுவும் கொட்டிய மண்தான்.